தை நம்பி, ஆடி நம்பி: அத்தியாயம் 9

நடுவழியில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்கள் கோபிக்காமல் மூணு பத்தி தாண்டிப் போகலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நம்பி, கண்ணபிரான் என்று அண்ணன் தம்பி. கோயிலில் திருவிளக்குப் பணி அவர்கள் வீட்டுக்குப் பாத்தியப்பட்டது. ஆளுக்கு ஆறு மாதம் முறை. அவர்களுடைய அப்பா ஜகந்நாதன், இராஜபாளையத்தில் மலையடிவார பரஸ்பர சகாய நிதியில் நகைக்கடன் குமாஸ்தாவாக இருந்து 1976இல் காலமானார். அவர் வேலை வீட்டுக்கே வந்தது. ஐந்து வருடம் கழித்துத் தம்பிக்கு வயது வந்ததும், விளக்கைப் பங்கு போட்ட மாதிரியே வேலையையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். தை முதல் ஆனி வரை அண்ணன் நாற்காலியில், தம்பி விளக்கில். ஆடி முதல் மார்கழி வரை தம்பி நாற்காலியில், அண்ணன் விளக்கில். சம்பளப் பதிவேட்டில் இரண்டு பேரும் போடுவது ஒரே கையெழுத்து: ஜ. நம்பி.

நகை வைக்க வருகிற ஜனங்கள் ‘தை நம்பி’, ‘ஆடி நம்பி’ என்று பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நிதியின் செயலர் மொக்கைச்சாமிக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், இந்தக் கதையை ஆரம்பித்தபோது எனக்கும் தெரியவில்லை.

இந்தப் புரட்டாசியில்தான் வந்தது வினை. நிதிகளில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் புகைப்படத்தோடும் இடது பெருவிரல் ரேகையோடும் பணிப்பதிவேடு திறக்க வேண்டும். இனிமேல் சம்பளம் கவரில் கிடையாது, ரேகை வைத்தவர் பெயரில் உள்ள கணக்கில்தான் விழும் என்று உத்தரவு. அதே வாரம் பார்த்து வீட்டில் மருமகள்கள் இருவரும் முறைத்துக்கொண்டு, ஓர் அடுப்பு இரண்டு அடுப்பாகிவிட்டது. ஆகவே விரல் யாருடையதோ, சோறு அந்த வீட்டுக்கு. சென்ற வாரம் மொக்கைச்சாமி அனுப்பிய சீட்டோடு நிறுத்தியிருந்தேன்: ‘வியாழன் காலை ஆய்வு. ஜ. நம்பி தவறாமல் வரவும்.’

இன்று வியாழன்.

காலை ஏழு மணிக்கு இரண்டு அடுப்பிலும் இட்லி வெந்துகொண்டிருந்தது. முற்றத்துத் தூணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பி முகம் மழித்துக்கொண்டிருந்தார். விளக்கு முறை மாதத்தில் இந்நேரத்துக்கு அவர் கோயிலில் எண்ணெய்க் குடத்தோடு நிற்க வேண்டியவர். கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்போடு தொங்கியது.

தம்பி மனைவி பெருந்தேவி சட்டையைப் பார்த்தாள். பிறகு நம்பியின் மனைவி ஸாவித்ரியைப் பார்த்தாள்.

“அக்கா, பெரியவுக எங்க கெளம்புறாக?”

“எங்கயா? நிதிக்குத்தான். ஜ. நம்பி வரணும்னு சீட்டு வந்திருக்குல்ல. அவியதானே நம்பி?”

“இப்பப் புரட்டாசி. இது இவுக முறை.”

“முறையெல்லாம் வெளக்குக்கு. கவர்மெண்டு பேப்பருக்குப் பேருதான் கணக்கு.”

“பன்னெண்டு வருசமா இந்தப் பேச்சு எங்க போயிருந்துச்சு?”

“பன்னெண்டு வருசமா எவனும் வெரல நீட்டுன்னு கேக்கல, பெருந்தேவி. இப்பக் கேக்கான். நாத்தனா ராஜினாமா எழுதிக் குடுத்த வேல. அடுத்த மூத்த பிள்ளன்னு அவியளுக்குத்தான வந்துச்சு? இல்லன்னு சொல்லு பாப்போம்.”

நாத்தனார் என்றால் கமலவல்லி. மூன்று பேரில் மூத்தவள். அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே பிறவி. அப்பா இறந்த கையோடு இரண்டு மாதம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். பிறகு செட்டியார்பட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதோடு அவள் பேச்சு அந்த வீட்டில் பொங்கல்படி அனுப்பும்போது மட்டும்தான் எடுக்கப்படும்.

நம்பியின் தாடையில் பிளேடு கீறிவிட்டது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டார்.

“காலங்காத்தால அவ பேச்சு எதுக்கு?” என்று மட்டும் சொன்னார்.

கண்ணபிரான் வாசல் நடையில் உட்கார்ந்து, பணிப்பதிவேட்டைப் பற்றி வந்த மூன்று சுற்றறிக்கைகளையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தார். மொக்கைச்சாமி கையால் எழுதிக் கொடுத்த நகல்கள் அவை. முதலாவது, பணியாளர் பெயரை நிர்வாகக்குழுத் தீர்மானத்தின்படி எழுதச் சொன்னது. இரண்டாவது முதலாவதை ரத்து செய்து, சம்பளப் பதிவேட்டின்படி எழுதச் சொன்னது. மூன்றாவது, இரண்டாவது ரத்து என்றது. அப்படியென்றால் முதலாவதற்கு உயிர் வந்துவிட்டதா இல்லையா என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

“அண்ணே, ஒண்ணும் வெளங்கல. பேருக்கு வெரலா, ஆளுக்கு வெரலா?”

“பேருக்குத்தாம்லே ஆளு. நான் போறேன்.”

“ஆவணி, புரட்டாசி லெட்ஜர்ல கேட்டா என்ன சொல்லுவ? நீ கண்ணால பாத்ததில்லயே.”

“சமாளிச்சுக்கிடுவேன்.”

கண்ணபிரான் சுற்றறிக்கைகளை மடித்து வைத்தார். வெளியே போனால் அவரை எல்லாரும் நம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணபிரான் என்ற பெயர் ரேஷன் கார்டிலும் வீட்டாரின் வாயிலும் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அண்ணனை எதிர்த்து அவருக்குப் பேச வராது.

“சரிண்ணே. நீயே போ. எட்டே முக்கால் வண்டியப் பிடி.”

நம்பி கிளம்பிப் போனார். பெருந்தேவி அடுப்பிலிருந்து இட்லிப் பானையை இறக்கி வைத்தாள். இறக்கின விதத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“நல்லா இருக்கு நியாயம். வருசத்துல பாதி நாளு உழைச்சவுக வெளக்குத் திரியத் திரிச்சுக்கிட்டுக் கெடங்க. நானும் பிள்ளைகளும் திரியத் தின்னுக்கிடுதோம்.”

கண்ணபிரான் சட்டையை மாட்டினார். பையில் கை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் நீளச் சாவி.

நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று செயலரிடம், மற்றொன்று நகைக்கடன் குமாஸ்தாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். முறை மாறும்போது தை முதல் தேதியும் ஆடி முதல் தேதியும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்று தை முதல் தேதி இல்லை. மாற்றிக்கொள்ள இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

“சாவியக் குடுத்துட்டு அடுத்த வண்டியில வந்துருதேன்” என்று கண்ணபிரான் ஓடினார்.

பெருந்தேவி சுவாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்காகக் கும்பிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிதியில் ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி ஒரு பெண்மணி. பெயர் பரிபூரணம். கைத்தறிச் சேலை, மூக்குக் கண்ணாடி, நிதானமான குரல். மொக்கைச்சாமி வாங்கி வைத்திருந்த பக்கோடாவைத் தொடவே இல்லை. அதிலேயே செயலருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆறு பேர் விரல் வைத்து, மையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாவதாக நம்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“நீங்கதான் ஜ. நம்பியா?”

“ஆமாம்மா.”

“சம்பளப் பதிவேட்டப் பாத்தேன். வருசத்துல ஆறு மாசம் கையெழுத்து வலப்பக்கமாச் சாயுது. ஆறு மாசம் நிமிர்ந்து நிக்குது. மழக்காலத்துக்கு ஒரு கையி, வெயில் காலத்துக்கு ஒரு கையா உங்களுக்கு?”

நம்பி சிரித்துப் பார்த்தார். அந்தம்மாள் சிரிக்கவில்லை.

“சரி, பெட்டகத்தத் திறங்க. இந்த மாச நகையச் சரிபார்க்கணும்.”

மொக்கைச்சாமி தன் சாவியோடு எழுந்தார். நம்பி இடது பையைத் தடவினார். வலது பையைத் தடவினார். மேல் பையைத் தடவினார். வெள்ளைச் சட்டையில் மூன்று பையும் காலி.

பரிபூரணம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். “ஜ. நம்பி! சாவி எங்க?”

“இந்தா இருக்கும்மா!”

பதில் வாசலிலிருந்து வந்தது. மூச்சு வாங்க நின்ற கண்ணபிரான் சாவியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம். அந்தக் கட்டடத்துக்குள் அந்தப் பெயரைக் கேட்டால் அவர் வாய் தானாகப் பதில் சொல்லும்.

பரிபூரணம் வாசலைப் பார்த்தார், எதிரே இருந்தவரைப் பார்த்தார்.

“நீங்க யாரு?” என்றார் பரிபூரணம்.

“நான்… நம்பி. அதாவது ஆடி நம்பி.”

“அப்ப இவரு?”

“அவுக தை நம்பிம்மா.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். மொக்கைச்சாமி முந்திக்கொண்டு, ஊர்ப் பெருமை சொல்கிற குரலில் ஆதியோடந்தமாகக் கதையைச் சொன்னார். விளக்கு, முறை, தை, ஆடி, ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இருந்ததில்லை என்பது வரை.

“இத ஆள்மாறாட்டம்னு எழுதட்டுமா சார்?”

“ஐயையோ, மாறாட்டம் இல்லம்மா. முறை.”

“என் படிவத்துல முறைன்னு ஒரு கட்டம் இல்லயே. ஒரு பேரு, ஒரு படம், ஒரு வெரல். அவ்வளவுதான் இருக்கு.”

அவருக்கும் குழப்பம்தான். குரலில் கோபம் இல்லை. மூன்று சுற்றறிக்கைகளையும் வரிசையாகப் பரப்பி, சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதை எழுதியவர் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பாரோ, தெரியாது. கடைசியில் முதலாவதை எடுத்தார்.

“நியமனத் தீர்மானத்தக் கொண்டுவாங்க. மொதல்ல யாருக்கு இந்த வேல குடுத்தீங்கன்னு பாப்போம். அவரு வெரல வைக்கட்டும்.”

நம்பி சடக்கென்று எழுந்தார். “அது எதுக்கும்மா? பழைய நோட்டு. கரையான் அரிச்சிருக்கும்.”

கண்ணபிரான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பெயரும் உன்னுடையது, மூத்த ஆளும் நீ, தீர்மானத்தைப் பார்த்தால் உனக்கு என்ன பயம்?

கரையான் அரிக்கவில்லை. பழுப்பு அட்டை போட்ட நோட்டு, 1976. பரிபூரணம் பக்கம் புரட்டி நிதானமாக வாசித்தார்.

“‘காலஞ்சென்ற குமாஸ்தா ஜகந்நாதன் அவர்களின் வாரிசான, எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஜ. கமலவல்லி என்பவரை நகைக்கடன் குமாஸ்தாவாக நியமிக்கத் தீர்மானிக்கப்பட்டது.’ மொத ரெண்டு மாசம் பதிவேட்டுல அவங்க கையெழுத்து இருக்கு. மூணாம் மாசம் ஜ. நம்பின்னு இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சு?”

“அக்கா ராஜினாமா பண்ணிட்டாம்மா” என்றார் கண்ணபிரான். “கல்யாணம் ஆகிப் போயிட்டா. கடுதாசி எழுதிக் குடுத்தா. அது பொறவுதான் அண்ணன் சேந்தாக.”

“அந்தக் கடுதாசி எங்க?”

மொக்கைச்சாமி கோப்புகளை இறக்கினார். அப்போது அவர் சாதாரண குமாஸ்தா. பழைய தலைவர் வாய்ச்சொல்லாகச் சொன்னதைக் கேட்டுப் பதிவேட்டில் பெயரை மாற்றி எழுதியவர் அவரேதான். கடிதம் அப்புறம் வரும் என்று தலைவர் சொன்னது அவருக்கு இன்றும் நினைவு இருக்கிறது. வந்ததா என்பது நினைவில்லை. நாலு கட்டு பிரித்தாயிற்று. ஐந்தாவதையும் பிரித்தாயிற்று. தும்மல்தான் வந்தது.

“தேடாதீக” என்றார் நம்பி.

குரல் அவருடையது மாதிரி இல்லை. பஞ்சு விழுந்து தாடையில் மறுபடி ரத்தம் துளிர்த்திருந்தது.

“அவ எழுதிக் குடுக்கல. நான் கேட்டேன். பொம்பளப்பிள்ள தெனம் பஸ் ஏறி இராஜபாளையம் போனா செட்டியார்பட்டியில சம்மதிக்க மாட்டாக, எழுதிக் குடுத்துருன்னேன். மாட்டேன்னுட்டா. கல்யாணம் முடிச்சு நான் வேலைக்கு வருவேன்னா. நான் தலைவருகிட்ட வந்து, எழுதித் தாரேன்னு சொல்லிட்டா, நாளைக்குக் கொண்டாரேன்னு சொன்னேன். அம்புட்டுத்தான். பொறவு யாரும் கேக்கல.”

கண்ணபிரான் சாவியை மேசை மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். பதினேழு வருடமாக வீட்டில் ராஜினாமா, ராஜினாமா என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கடிதத்தை நேரில் பார்த்த மாதிரியே அவர் நம்பியிருந்தார். இப்போது அவருக்கு அண்ணன் மேல் ஆத்திரமா, பரிதாபமா, தன்மேலேயே அருவருப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றும் ஒன்றாகத்தான் வந்தன.

பரிபூரணம் படிவத்தை மூடினார்.

“காகிதப்படி பாத்தா இந்த நாற்காலியில இருக்கிறது நீங்க ரெண்டு பேருமே இல்ல. கமலவல்லிதான். அவங்கள யாரும் நீக்கல. அவங்களும் விலகல. திங்கக்கிழமை பத்து மணிக்கு அவங்கள அழைச்சுட்டு வாங்க. அப்பவே விலகிட்டேன்னு அவங்க எழுதிக் குடுத்தா, உங்கள்ல ஒருத்தர வச்சு ஏதாச்சும் செய்ய முடியுமான்னு மேல கேட்டுப் பாக்குறேன். இல்லன்னு சொன்னாங்கன்னா, நான் ஆள்மாறாட்டம்னுதான் எழுதணும். எனக்கு வேற வழி கிடையாது.”

போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டார். “அவங்க இப்ப என்ன செய்றாங்க?”

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேண்டேஜ் கம்பெனியில துணி மடிக்கா” என்றார் கண்ணபிரான்.

“இங்கயா?”

“இங்கதாம்மா. சத்திரப்பட்டி ரோட்டுல.”

சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி வாசலில் கண்ணபிரான் நின்றார். நம்பி வரவில்லை. “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? நீ போ” என்று பஸ் ஸ்டாண்டிலேயே பிரிந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டியில் அவர் ஏறியதைக் கண்ணபிரான் பார்த்தார். அந்த வண்டி வீட்டுக்குப் போகிறதா, விளக்கேற்றக் கோயிலுக்குப் போகிறதா, வேறெங்காவது போகிறதா என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சங்கு ஊதி, பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். எல்லார் தலையிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சுத்தூசி. அதில் கமலவல்லியை அடையாளம் கண்டுபிடிக்கச் செத்த நேரம் ஆயிற்று. முப்பத்தெட்டு வயது. புருஷன் இறந்து ஆறு வருடம். நடை மட்டும் அப்பா மாதிரி வேகம்.

தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் கண்ணபிரானால் தாங்க முடியவில்லை.

“ஏலே கண்ணா! என்னடா இங்க? வீட்டுல எல்லாரும் சொகந்தான?”

அவர் சுற்றி வளைக்கவில்லை. சுற்றறிக்கை, விரல், தீர்மானம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே கொட்டிவிட்டார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள்.

“நீ எழுதிக் குடுக்கலயாக்கா?”

“இல்லயே. உனக்குத் தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது. அப்ப ஏன் நீ பொறவு வேலைக்கு வரல?”

“வந்தேன். கல்யாணம் ஆகிப் பத்தாம் நாளு வந்தேன். வீட்டுக்காரவுககிட்டச் சண்ட போட்டு, சரின்னு சொல்ல வச்சு, டிபன் பொட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தேன். கண்ணாடிக் கதவுக்குள்ள பாத்தா நாற்காலியில நம்பி உக்காந்திருந்தான். அப்பா மாதிரியே குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தான். அவன எழுப்ப மனசு வரல. அப்படியே திரும்பிட்டேன்.”

கண்ணபிரான் தெருவென்றும் பாராமல் அழுதார். கமலவல்லி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் பஞ்சு அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

“அழாதலே. ஆளுக பாக்காக.”

“அக்கா, திங்கக்கிழம…”

“எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு.”

“வாரேன். அரை நாள் கூலி போகும். போகட்டும்.”

“வந்து… என்னக்கா எழுதுவ?”

செட்டியார்பட்டி வண்டி வந்துவிட்டது. அவள் கும்பலோடு கும்பலாக முண்டி ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கண்ணபிரான் ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து நின்றார். தங்கள் இரண்டு குடும்பமும் அடுத்த மாதம் என்ன சாப்பிடப்போகிறது என்பது இந்த முகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடினார். அக்கா முகத்தில் கோபம் இல்லை. சமாதானமும் இல்லை. அவள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டி நகர்ந்த பிறகு சட்டென்று தலையை வெளியே நீட்டினாள்.

“கண்ணா, அந்த நாற்காலி… அப்பா இருந்த அதே நாற்காலியா? இல்ல மாத்திட்டாகளா?”

“அதேதான்க்கா.”

“எனக்கு அப்பவே அது ரொம்ப உசரம்” என்றாள் கமலவல்லி. “மொக்கைச்சாமி அண்ணன்கிட்டச் சொல்லி, காலுக்கு ஒரு பலக எடுத்துப் போட்டு வைக்கச் சொல்லு.”